பிரிட்டனில் பண்பாட்டு வரலாறும் நினைவாய்வும்: முதுகலை படிக்கச் செல்வோருக்கு ஒரு வழிகாட்டி

இந்தியாவில் இளங்கலை முடித்துவிட்டு, பண்பாட்டு வரலாறு, நினைவாய்வு (ஒரு சமூகம் தன் கடந்த காலத்தை எப்படி நினைவில் வைக்கிறது என்ற ஆய்வு), வாய்மொழி வரலாறு, பொது வரலாறு (அருங்காட்சியகம், நினைவிடம் போன்றவை வழியே பொதுமக்களிடம் செல்லும் வரலாறு) ஆகியவற்றில் ஒன்றைப் பிரிட்டனில் முதுகலையாகப் படிக்க விரும்புவோருக்காக இதை எழுதுகிறேன். பொறியியலுக்கும் மேலாண்மைக்கும் செல்பவர்களுக்குத் தமிழில் அறிவுரைகள் நிறைய கிடைக்கின்றன. நம் துறைக்கு வருபவர்களுக்கு அநேகமாக எதுவும் கிடைப்பதில்லை. நான் இந்த வழியைத் தட்டுத்தடுமாறிக் கடந்தவள் என்பதால், ஆவணம், செலவு, காலம் ஆகிய மூன்றைப் பற்றியே இங்கே பேசுகிறேன்.

தொடங்கும் முன் ஒன்றை மனத்தில் வையுங்கள். பிரிட்டனில் முழுநேர முதுகலை ஓராண்டுப் படிப்பு. செப்டம்பர் கடைசியில் வகுப்புகள் தொடங்கினால், அடுத்த செப்டம்பர் தொடக்கத்தில் ஆய்வேட்டை ஒப்படைத்துவிட வேண்டும். இடையில் கிறிஸ்துமஸ், ஈஸ்டர் விடுமுறைகளைக் கழித்துவிட்டால் கையில் நிற்பது பத்து மாதங்கள்தான். ஆகவே ஊரிலேயே செய்துமுடிக்கக்கூடிய எதையும் அங்கே சென்று பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். கீழே உள்ள படிகள் எல்லாம் இந்தக் கணக்கை வைத்தே அமைந்தவை.

1. படிப்பைத் தேர்ந்தெடுத்தல்: சேர்வதற்கு முந்தைய ஆண்டு ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை

இந்தத் துறை எல்லாப் பல்கலைக்கழகங்களிலும் ஒரே பெயரில் இருப்பதில்லை. பிரைட்டன் பல்கலைக்கழகம் பண்பாட்டு வரலாறு, நினைவு, அடையாளம் என்ற பெயரிலேயே ஒரு முதுகலையை நடத்திவந்திருக்கிறது. யார்க் பல்கலைக்கழகத்திலும் பெல்ஃபாஸ்ட் குயீன்ஸ் பல்கலைக்கழகத்திலும் இதே அக்கறைகளைப் பொது வரலாறு என்ற பெயரில் காணலாம். வேறு சில இடங்களில் வரலாறு, மானிடவியல், அருங்காட்சியகவியல், மரபுரிமை ஆய்வு ஆகிய முதுகலைகளுக்குள் இரண்டு மூன்று பாடங்களாக இது இருக்கும். படிப்பின் பெயரைத் தேடுவதை விட, உங்கள் ஆய்வேட்டை வழிநடத்தக்கூடிய ஆசிரியரையும், பல்கலைக்கழகத்துக்கு அருகிலுள்ள ஆவணக் காப்பகத்தையும் தேடுவது பயன் தரும். எடுத்துக்காட்டாக, சாதாரண மக்களின் அன்றாட வாழ்வைப் பதிவு செய்ய 1937-இல் தொடங்கிய மாஸ் அப்சர்வேஷன் திட்டத்தின் காப்பகம் பிரைட்டனை ஒட்டிய ஃபால்மரில் உள்ள தி கீப் கட்டடத்தில் இருக்கிறது. பெல்ஃபாஸ்டில் லினன் ஹால் நூலகம் வட அயர்லாந்து மோதல் காலத்தின் துண்டறிக்கைகளையும் சுவரொட்டிகளையும் பெருந்தொகுப்பாக வைத்திருக்கிறது. சாதாரண மக்களின் நாட்குறிப்புகளை ஆராய விரும்புபவருக்கு முதலாவதும், வன்முறைக்குப் பிந்தைய சமூகத்தின் நினைவை ஆராய விரும்புபவருக்கு இரண்டாவதும் பொருந்தும்.

இங்கே ஒரு கண்ணி உண்டு. பிரிட்டனில் கலைப்புலப் படிப்புகள் அண்மை ஆண்டுகளில் பல இடங்களில் குறைக்கப்பட்டுவருகின்றன. இணையதளத்தில் படிப்பு இருக்கிறது என்பதற்காக அது கட்டாயம் நடக்கும் என்று எண்ணிவிடாதீர்கள். முன்பணம் கட்டுவதற்கு முன் சேர்க்கைப் பிரிவுக்கும் படிப்பின் பொறுப்பாளருக்கும் தனித்தனியாக மின்னஞ்சல் அனுப்பி, வரும் ஆண்டில் இப்படிப்பு உறுதியாக நடக்குமா, இந்த இன்ன விருப்பப் பாடங்கள் கற்பிக்கப்படுமா, போதிய மாணவர் சேராமல் நிறுத்தப்பட்டால் முன்பணம் முழுவதும் திரும்பக் கிடைக்குமா என்று மூன்று கேள்விகளைக் கேட்டு, பதிலை எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள்.

முகவர்களைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். அவர்களுக்குப் பல்கலைக்கழகங்கள் தரகு கொடுக்கின்றன, ஆகவே மாணவர் கூட்டம் அதிகமுள்ள படிப்புகளையே அவர்கள் அறிவார்கள். நினைவாய்வு என்று கேட்டு வந்தவரை மேலாண்மைக்குத் திருப்ப முயல்வது அங்கே சாதாரணம். முதுகலை விண்ணப்பம் அந்தந்தப் பல்கலைக்கழகத்தின் இணையதளத்திலேயே நேரடியாகச் செய்யக்கூடியது, பல இடங்களில் அதற்குக் கட்டணமும் இல்லை. இடையில் ஒருவர் தேவையில்லை என்பதே என் கருத்து.

2. நோக்கக் கடிதம்: அக்டோபர் முதல் டிசம்பர் வரை

சேர்க்கைக் குழு படிப்பது உங்கள் மதிப்பெண்ணையும் இந்தக் கடிதத்தையும்தான். தமிழ்ச் சமூகத்தின் நினைவும் அடையாளமும் என்பது போன்ற அகன்ற தலைப்பு யாரையும் நம்பவைக்காது. ஒரு நிகழ்வு, ஒரு குழு, ஒரு வகைச் சான்று என்று மூன்றையும் சேர்த்துச் சொல்லுங்கள். 1964-இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பின் நீலகிரியில் குடியேற்றப்பட்ட மலையகத் தமிழ்க் குடும்பங்கள் தங்கள் இலங்கை வாழ்வை இரண்டாம் தலைமுறைக்கு எப்படிச் சொல்கின்றன என்பது ஒரு தலைப்பு. 1942–43-இல் ஜப்பானியர் அமைத்த சயாம்–பர்மா ரயில் பாதைக்கு மலாயாவின் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட தமிழ்த் தொழிலாளர்கள், பிரிட்டனின் போர் நினைவுகளில் எந்த அளவுக்கு இடம்பெறுகிறார்கள் என்பது மற்றொன்று. இரண்டாவது தலைப்புக்கான சான்றுகளில் ஒரு பகுதி லண்டனிலேயே இருப்பதால், ஏன் பிரிட்டனில் படிக்க வேண்டும் என்ற கேள்விக்கும் அதுவே பதிலாகிவிடும். அந்தப் பதில் பின்னர் விசா நேர்காணலிலும் உதவும்.

ஹால்ப்வாக்ஸ், அஸ்மான், நோரா, ஹிர்ஷ், போர்ட்டெல்லி என்று கோட்பாட்டாளர் பெயர்களை ஒரே பத்தியில் அடுக்க வேண்டாம். ஒருவரை எடுத்துக்கொண்டு, அவருடைய கருத்து உங்கள் ஊர்ச் சான்றோடு எங்கே ஒத்துப்போகிறது, எங்கே ஒத்துப்போகவில்லை என்று நான்கு வரி எழுதினால், நீங்கள் உண்மையில் படித்திருக்கிறீர்கள் என்பது தெரிந்துவிடும்.

3. சான்றிதழ்கள்: உடனே தொடங்குங்கள்

மூன்றாண்டு இளங்கலையைப் பிரிட்டன் பல்கலைக்கழகங்கள் ஏற்கின்றன. பொதுவாக 55 முதல் 65 விழுக்காடு வரை கேட்பார்கள். வரலாற்றுப் பட்டம்தான் வேண்டும் என்பதில்லை, இலக்கியம், சமூகவியல், இதழியல் படித்தவர்களும் சேர்கிறார்கள். தேவைப்படுபவை பருவவாரி மதிப்பெண் பட்டியல்கள், பல்கலைக்கழகம் தரும் ஒருங்கிணைந்த மதிப்பெண் அறிக்கை, தற்காலிகப் பட்டச் சான்றிதழ் அல்லது பட்டச் சான்றிதழ், பாஸ்போர்ட், இரண்டு பரிந்துரைக் கடிதங்கள், எழுத்து மாதிரி கேட்டால் ஒரு கட்டுரை. ஒருங்கிணைந்த அறிக்கை கைக்கு வர வாரக்கணக்கில் ஆகும் என்பதால் முதலில் அதற்கு விண்ணப்பித்துவிடுங்கள்.

நம்மவர்கள் அதிகமாகச் சிக்குவது பெயரில்தான். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் முன்னெழுத்தோடு ஒரு பெயர், பட்டத்தில் முன்னெழுத்து பின்னால் போன பெயர், பாஸ்போர்ட்டில் தந்தையின் பெயர் குடும்பப் பெயராக விரிந்த மற்றொரு பெயர் என்று மூன்று வடிவங்கள் ஒருவருக்கே இருக்கும். விண்ணப்பத்தை முதல் நாளிலிருந்தே பாஸ்போர்ட்டில் உள்ள எழுத்து மாறாமல் நிரப்புங்கள். மற்றச் சான்றிதழ்களில் உள்ள பெயர்களும் உங்களுடையவையே என்று நோட்டரி முன்னிலையில் ஒரு உறுதிமொழிப் பத்திரம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இடம் காலியாக இருந்தால், அதை நிரப்பிப் புதுப்பித்துக்கொள்வது பின்னால் வங்கி, வாடகை ஒப்பந்தம் என எல்லா இடத்திலும் தொல்லையைக் குறைக்கும்.

பரிந்துரைக் கடிதத்தில் வேறொரு சிக்கல் வரும். நம் கல்லூரி ஆசிரியர்கள் பலர் சொந்த ஜிமெயில் முகவரியையே பயன்படுத்துகிறார்கள், பல பல்கலைக்கழகங்களோ நிறுவன முகவரியிலிருந்து வராத பரிந்துரையை ஏற்பதில்லை. ஆசிரியரிடம் கல்லூரி மின்னஞ்சல் இருக்கிறதா என்று முன்பே கேளுங்கள். இல்லையென்றால் கல்லூரி முகப்புத்தாளில் கையெழுத்தும் முத்திரையும் இட்ட கடிதத்தை ஏற்பார்களா என்று சேர்க்கைப் பிரிவிடம் எழுதிக் கேளுங்கள்.

ஆங்கிலத் தகுதிக்கு ஐ.ஈ.எல்.டி.எஸ். தேர்வில் 6.5 அல்லது 7 கேட்பது வழக்கம், மதிப்பெண் இரண்டு ஆண்டுகளுக்குச் செல்லும். பன்னிரண்டாம் வகுப்பு ஆங்கில மதிப்பெண்ணை அடிப்படையாகக் கொண்டு தேர்விலிருந்து விலக்கு தரும் பல்கலைக்கழகங்களும் உண்டு. எந்த வாரியத்தின் மதிப்பெண்ணை ஏற்கிறார்கள் என்று பார்த்துவிட்டுத் தேர்வுக்குப் பணம் கட்டுங்கள்.

4. உதவித்தொகை: பெரும்பாலும் சேர்க்கைக்கு முன்பே முடிந்துவிடும்

சேர்க்கைக் கடிதம் வந்தபின் உதவித்தொகை தேடலாம் என்று இருப்பவர்களுக்குப் பெரும்பாலும் எதுவும் மிஞ்சாது. பிரிட்டன் அரசின் செவனிங் உதவித்தொகைக்கு ஆகஸ்ட் தொடங்கி அக்டோபர் வாக்கில் விண்ணப்பம் முடிந்துவிடும். அதற்கு 2,800 மணி நேர வேலை அனுபவம் வேண்டும், படிப்பு முடிந்து இரண்டாண்டுகள் தாய்நாட்டில் இருக்கவும் வேண்டும். ஃபீலிக்ஸ் உதவித்தொகை ஆக்ஸ்ஃபோர்டு, ரெடிங், லண்டன் சோவாஸ் ஆகிய மூன்று இடங்களுக்கு இந்தியப் பட்டதாரிகளுக்குக் கிடைப்பது. கிரேட் உதவித்தொகை குறைந்தது 10,000 பவுண்டு, கட்டணத்தில் கழிக்கப்படும். ஆனால் அது பங்கேற்கும் பல்கலைக்கழகங்களில் மட்டுமே உண்டு.

அரசு உதவியை நம்பியிருப்பவர்கள் ஒன்றைக் கூர்ந்து படிக்க வேண்டும். ஒன்றிய அரசின் தேசிய வெளிநாட்டு உதவித்தொகை பட்டியல் சாதி மாணவர்களுக்கும், சீர்மரபினர், நிலமற்ற வேளாண் தொழிலாளர் போன்ற குடும்பத்தினருக்கும் உரியது. 2022-இல் வந்த அதன் வழிகாட்டு விதிகளில் இந்தியப் பண்பாடு, மரபுரிமை, வரலாறு, இந்தியா பற்றிய சமூக ஆய்வு ஆகிய தலைப்புகளுக்கு உதவி இல்லை என்று சேர்க்கப்பட்டது. இது நம் துறையின் நெஞ்சிலேயே விழுந்த அடி. வெண்மணியிலோ முதுகுளத்தூரிலோ நடந்த சாதி வன்முறையின் நினைவை ஆராய வேண்டியவர்களில் பெரும்பகுதியினர் இந்த உதவித்தொகைக்கு உரியவர்களின் வீட்டுப் பிள்ளைகள்தான் என்பதால், இந்த விதி அநியாயமானது என்பதை இங்கே சொல்லாமல் என்னால் கடக்க முடியவில்லை. விண்ணப்பிக்கும் ஆண்டின் விதிகளை வரிவரியாகப் படித்துவிட்டே தலைப்பை எழுதுங்கள். தமிழ்நாடு அரசின் அண்ணல் அம்பேத்கர் அயலக உயர்கல்வி உதவித்தொகைத் திட்டத்தையும் தனியாகப் பாருங்கள். அதன் வருமான வரம்பும் பாடப் பட்டியலும் வேறு.

5. பணம்: இங்கேதான் அதிகம் பேர் தடுக்கி விழுகிறார்கள்

முதலில் மொத்தக் கணக்கு. லண்டனுக்கு வெளியே ஒரு பல்கலைக்கழகம், படிப்புக் கட்டணம் 18,000 பவுண்டு என்று வைத்துக்கொள்வோம். கலைப்புல முதுகலைகளுக்கு இதற்குக் குறைவாகவும் உண்டு, 25,000-ஐத் தாண்டியும் உண்டு. வாழ்க்கைச் செலவுக்காகக் காட்ட வேண்டிய தொகை, 2025 நவம்பர் 11 முதல், மாதம் 1,171 பவுண்டு வீதம் ஒன்பது மாதத்துக்கு 10,539 பவுண்டு. லண்டன் என்றால் மாதம் 1,529 வீதம் 13,761 பவுண்டு. விசாக் கட்டணம் 2025 ஏப்ரலில் 524 பவுண்டாக ஆக்கப்பட்டது. குடியேறிகளுக்கான உடல்நலக் கட்டணம் ஆண்டுக்கு 776 பவுண்டு, ஓராண்டுப் படிப்புக்கு விசா ஓராண்டைத் தாண்டிச் சில மாதங்கள் கூடுதலாகக் கிடைப்பதால் ஒன்றரை ஆண்டுக்குரிய 1,164 பவுண்டை ஒரே தவணையில் கட்ட வேண்டும். எல்லாம் சேர்ந்து 30,227 பவுண்டு. பவுண்டுக்கு 120 ரூபாய் என்று வைத்தால் 36 லட்சத்துக்கும் மேல். விமானச் சீட்டும் குளிர் ஆடைகளும் இதில் சேரவில்லை. இக்கட்டணங்கள் ஏறத்தாழ ஒவ்வோர் ஆண்டும் மாறுவதால், விண்ணப்பிக்கும் நாளில் பிரிட்டன் அரசின் இணையதளத்தில் உள்ள தொகையையே கணக்கில் கொள்ளுங்கள்.

பணத்தைக் காட்டுவதில் இருபத்தெட்டு நாள் விதி என்று ஒன்று உண்டு. இன்னும் கட்டாமல் நிற்கும் படிப்புக் கட்டணமும் வாழ்க்கைச் செலவுத் தொகையும் சேர்ந்த மொத்தம், வங்கிக் கணக்கில் தொடர்ந்து 28 நாட்கள் இருக்க வேண்டும், ஒரு நாள்கூட அதற்குக் கீழே இறங்கக் கூடாது. அந்த 28 நாட்களின் கடைசி நாள், விண்ணப்பித்துப் பணம் கட்டும் நாளுக்கு முந்தைய 31 நாட்களுக்குள் வர வேண்டும். ரூபாயைப் பவுண்டாக மாற்றிப் பார்ப்பது விண்ணப்ப நாளின் மாற்று விகிதத்தில் என்பதால், தேவைக்கு மேல் பத்து விழுக்காடாவது கூடுதலாக வைத்திருங்கள். ரூபாய் சற்று இறங்கியதற்காக விசா மறுக்கப்பட்டவர்கள் இருக்கிறார்கள்.

பணம் உங்கள் பெயரிலோ, பெற்றோர் அல்லது சட்டப்படியான பாதுகாவலர் பெயரிலோ இருக்க வேண்டும். மாமாவோ சித்தப்பாவோ அண்ணனோ தன் கணக்கில் வைத்திருக்கும் பணம், அவர் எவ்வளவு மனமுவந்து கொடுத்தாலும், செல்லாது. அவர்கள் உதவுவதானால் 28 நாட்கள் தொடங்குவதற்கு முன்பே உங்கள் கணக்குக்கு மாற்றிவிட வேண்டும். பெற்றோர் கணக்கு என்றால் உறவைக் காட்டும் பிறப்புச் சான்றிதழும், அந்தப் பணத்தைப் படிப்புக்குப் பயன்படுத்தச் சம்மதிக்கிறோம் என்ற அவர்களின் கடிதமும் வேண்டும். பழைய பிறப்புச் சான்றிதழ் தமிழில் மட்டும் இருந்தால், மொழிபெயர்த்தவரின் பெயர், தொடர்பு விவரம், கையெழுத்து, தேதி ஆகியவற்றோடு சான்றளிக்கப்பட்ட ஆங்கில மொழிபெயர்ப்பை இணையுங்கள். நகை மதிப்பீடு, நில மதிப்பீடு, தணிக்கையாளர் தரும் சொத்து மதிப்புச் சான்று, பங்குகள், வருங்கால வைப்புநிதி எதுவும் இங்கே எடுபடாது. ஊர்க் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் போட்டுவைத்த பணத்தையும் காட்ட முயலாமல் பெரிய வங்கிக்கு முன்பே மாற்றுங்கள். நிரந்தர வைப்பு ஏற்கப்படும், வேண்டும்போது எடுக்கக்கூடியதாக இருந்தால்.

கல்விக் கடன் வாங்குபவர்களுக்கு 28 நாள் விதி இல்லை, ஆனால் அங்கே வேறு பொறி. கடன் ஒப்புதல் கடிதம் விண்ணப்பத்துக்கு முந்தைய ஆறு மாதத்துக்குள் தரப்பட்டதாகவும், உங்கள் பெயரில் உள்ளதாகவும், பணம் பயணத்துக்கு முன் உங்களுக்குக் கிடைக்கும் அல்லது பல்கலைக்கழகத்துக்கு நேரடியாகச் செல்லும் என்று சொல்வதாகவும் இருக்க வேண்டும். விசா கிடைக்க வேண்டும் என்பதைத் தவிர வேறு எந்த நிபந்தனையும் அதில் இருக்கக் கூடாது. நம் வங்கிகள் முதலில் தரும் கடிதத்திலோ, சொத்து அடமானப் பதிவு முடிந்தபின் என்ற வரி கட்டாயம் இருக்கும். அந்தக் கடிதத்தை வைத்து விண்ணப்பித்தால் மறுக்க அதுவே போதும். அடமானப் பதிவை முடித்துவிட்டு, நிபந்தனை நீக்கிய புதிய கடிதத்தைக் கேட்டுப் பெறுங்கள்.

அந்தப் பதிவுக்கு ஆகும் காலத்தையும் இப்போதே எண்ணிக்கொள்ளுங்கள். 7.5 லட்சத்துக்கு மேற்பட்ட கடனுக்குப் பொதுத்துறை வங்கிகள் பொதுவாகச் சொத்துப் பிணை கேட்கும். மூலப்பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று, வரி ரசீது எல்லாம் வங்கியின் வழக்கறிஞரிடம் சென்று, அவர் கருத்துரை தந்து, வங்கிப் பொறியாளர் மதிப்பிட்டு, பிறகு சார்பதிவாளர் அலுவலகத்தில் எம்.ஓ.டி. பதிவு, அதாவது சொத்துப் பத்திரங்களை வங்கியில் அடமானமாக ஒப்படைத்ததற்கான பதிவு, நடக்க வேண்டும். தாத்தா பெயரிலேயே பட்டா நிற்கும் வீடு என்றால் பெயர் மாற்றத்துக்கே மாதங்கள் போய்விடும். இவ்வளவுக்கும் மேல், இந்தப் படிப்புக்கு என்ன வேலை கிடைக்கும் என்று கிளை மேலாளர் கேட்பார். காப்பகம், அருங்காட்சியகம், பதிப்பகம், ஆவணப்பட ஆய்வு, கல்வித்துறை என்று தெளிவான வேலைகளை ஒரு பக்கத்தில் எழுதி, சம்பள அளவு தெரியும் விளம்பரங்களின் அச்சுப் பிரதிகளையும் இணைத்துக் கொடுங்கள். சேர்க்கைக் கடிதம் நிபந்தனையோடு இருந்தாலும் வங்கி வேலையைத் தொடங்கலாம். மார்ச்சில் தொடங்குவது நல்லது.

வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பும்போது பிடிக்கப்படும் டி.சி.எஸ். வரி, 2025 ஏப்ரலிலிருந்து நிதியாண்டுக்கு 10 லட்சம் ரூபாய் வரை இல்லை. அங்கீகரிக்கப்பட்ட நிதி நிறுவனத்தின் கல்விக் கடனிலிருந்து அனுப்பும் தொகைக்கும் இல்லை. பிடிக்கப்பட்டால் வருமான வரிக் கணக்கில் அதைத் திரும்பக் கோரலாம், அதனால் யாருடைய பான் எண்ணில் அனுப்புவது என்பதை முன்கூட்டியே வீட்டில் முடிவு செய்யுங்கள்.

6. சேர்க்கை எண், காசநோய்ப் பரிசோதனை, விசா: மே முதல் ஆகஸ்ட் வரை

முன்பணம் கட்டி நிபந்தனைகளை நிறைவேற்றிய பின் பல்கலைக்கழகம் காஸ் என்ற சேர்க்கை உறுதி எண்ணைத் தரும். அதில் பெயர், பிறந்த தேதி, பாஸ்போர்ட் எண், கட்டிய தொகை ஆகியவற்றைச் சரிபார்க்காமல் விசாவுக்குச் செல்லாதீர்கள். கட்டிய தொகை காஸில் குறைவாகப் பதிவாகியிருந்தால், நீங்கள் காட்ட வேண்டிய பணம் அந்த அளவுக்கு உயர்ந்துவிடும்.

காசநோய் இல்லை என்ற சான்றிதழ் பிரிட்டன் அரசு அங்கீகரித்த மருத்துவமனையில் எடுத்ததாக இருக்க வேண்டும். நம் குடும்ப மருத்துவர் தரும் எக்ஸ்ரே செல்லாது. அது ஆறு மாதத்துக்குச் செல்லும் என்பதால் மே அல்லது ஜூனில் எடுத்துவிடலாம். சளிப் பரிசோதனை தேவைப்பட்டால் முடிவு வர இரண்டு மாதங்கள் வரை ஆகக்கூடும், ஆகவே கடைசி வாரத்துக்கு வைக்காதீர்கள்.

விசாவுக்குப் படிப்பு தொடங்குவதற்கு ஆறு மாதம் முன்னதாகவே விண்ணப்பிக்கலாம். விசா விண்ணப்பங்களைப் பெறும் சென்னை வி.எஃப்.எஸ். மையத்தில் கைரேகை கொடுத்தபின் முடிவு வழக்கமாக மூன்று வாரத்தில் வரும், ஆனால் ஆகஸ்டில் நேரம் கிடைப்பதே கடினம். உடல்நலக் கட்டணத்தை அட்டையில் கட்டும்போது ஒன்றரை லட்சம் ரூபாய்க்கு அருகில் ஒரே பரிவர்த்தனையாகப் போகும், வங்கியில் பன்னாட்டுப் பரிவர்த்தனை வரம்பை முன்னரே உயர்த்தச் சொல்லுங்கள். இப்போது மாணவர்களுக்கு மின் விசா தரப்படுவதால், அதற்கான கணக்கில் உங்கள் பாஸ்போர்ட் இணைந்திருக்கிறதா என்பதை விமானம் ஏறும் முன் பாருங்கள். காணொளி நேர்காணலுக்கு அழைத்தால், முகவர் கொடுத்த மனப்பாட வரிகளை ஒப்பிக்காமல் உங்கள் நோக்கக் கடிதத்தில் எழுதியதையே உங்கள் சொற்களில் சொல்லுங்கள்.

மணமானவர்கள் கவனிக்க: 2024 ஜனவரி முதல், கற்பித்தல் வழி முதுகலை மாணவர்கள் கணவன், மனைவி, குழந்தைகளைச் சார்ந்தோர் விசாவில் அழைத்துச் செல்ல முடியாது.

7. ஊரை விட்டுப் புறப்படும் முன் சேகரிக்க வேண்டியவை

விசாவுக்காகக் காத்திருக்கும் வாரங்களை வீணாக்காதீர்கள். எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்திலும், தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்திலும் உங்கள் தலைப்புக்கு என்ன இருக்கிறது என்று நேரில் பாருங்கள். லண்டனில் இருந்துகொண்டு எழும்பூர்க் கோப்பு ஒன்றின் நகலைப் பெறுவது மிகவும் கடினம். இலங்கை சார்ந்த தலைப்பு என்றால் ‘நூலகம்’ என்ற பெயரிலேயே இயங்கும் இலங்கைத் தமிழ் மின்னூலகத்தில் பலவும் கிடைக்கும்.

எதிர்முனையில் என்ன இருக்கிறது என்பதையும் பட்டியலிடுங்கள். பிரிட்டிஷ் நூலகத்தில், இந்திய ஆட்சியை லண்டனிலிருந்து கவனித்த ‘இந்தியா ஆபீஸ்’ துறையின் ஆவணங்கள் உள்ளன. லண்டனின் கியூ பகுதியில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இலங்கைக் கடிதப் போக்குவரத்து சி.ஓ. 54 என்ற தொடரிலும், காலனிகளிலிருந்து எடுத்துச்செல்லப்பட்டு நெடுங்காலம் மறைத்துவைக்கப்பட்ட கோப்புகள் எஃப்.சி.ஓ. 141 என்ற தொடரிலும் இருக்கின்றன. கோப்பு எண்களை ஊரிலேயே குறித்து வைத்துக்கொண்டால், அங்கே ஒரு நாள் பயணத்தில் பல நாள் வேலை முடியும். 2023 அக்டோபர் இணையத் தாக்குதலில் பிரிட்டிஷ் நூலகத்தின் பட்டியல் நெடுநாள் முடங்கியது. அதனால் நேரில் போகும் முன் நீங்கள் கேட்கும் கோப்பு கிடைக்குமா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். இரு இடங்களிலும் வாசகர் அட்டை இலவசம், அடையாளச் சான்றும் முகவரிச் சான்றும் கேட்பார்கள்.

8. சேர்ந்த பின் முதல் வாரங்கள்

தங்குவதற்குப் பல்கலைக்கழக விடுதியே நல்லது. வெளியில் வீடு எடுத்தால், பிரிட்டனில் வசிக்கும் ஒருவர் பிணை நிற்க வேண்டும் என்று கேட்பார்கள். இங்கிலாந்தில் வாடகை முன்வைப்பு ஐந்து வார வாடகைக்கு மேல் போகக் கூடாது. அதை முப்பது நாட்களுக்குள் அரசு அங்கீகரித்த பாதுகாப்புத் திட்டத்தில் பதிந்து, உங்களுக்குச் சான்று தர வேண்டும். வீட்டைப் பார்க்காமல் ஊரிலிருந்தே பணம் அனுப்பாதீர்கள். முழுநேர மாணவருக்கு உள்ளாட்சி வரி இல்லை என்பதற்கான கடிதத்தைப் பல்கலைக்கழகத்தில் வாங்கி நகராட்சிக்கு அனுப்புங்கள். குடும்ப மருத்துவரிடம் பதிவு செய்வதை நோய் வரும்வரை தள்ளாதீர்கள், அதற்கான கட்டணத்தை ஏற்கெனவே கட்டிவிட்டீர்கள்.

9. வேலை பற்றிய விதிகள்

பருவ காலத்தில் வாரம் 20 மணி நேரம் வேலை செய்யலாம். இதில் பலரும் அறியாத இரண்டு உண்டு. ஜூன் முதல் செப்டம்பர் வரை வகுப்பு இல்லாவிட்டாலும், முதுகலை மாணவருக்கு அது ஆய்வேட்டுக் காலம். பெரும்பாலான பல்கலைக்கழகங்கள் அதைப் பருவ காலமாகவே கொள்கின்றன, ஆகவே 20 மணி நேர வரம்பு அப்போதும் நிற்கிறது. இரண்டாவது, சுயதொழில் செய்யத் தடை. ஊரில் பத்திரிகைக்குக் கட்டுரை எழுதிச் சன்மானம் பெற்றவர்கள், மொழிபெயர்ப்பு செய்தவர்கள், யூடியூபில் வருமானம் உள்ளவர்கள் நம் துறையில் ஏராளம். அங்கே இருக்கும்போது அவற்றைச் செய்து பணம் பெறுவது விசா விதியை மீறுவதாகும். பல்கலைக்கழகத்தின் பன்னாட்டு மாணவர் ஆலோசகரிடம் கேட்காமல் எதையும் ஏற்காதீர்கள்.

படிப்பு முடிந்தபின் வேலை தேடத் தரும் பட்டதாரி விசா இரண்டு ஆண்டுகளுக்குக் கிடைத்துவந்தது, 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிப்பவர்களுக்குப் பதினெட்டு மாதம்தான். அதற்குப் பிரிட்டனுக்குள் இருந்தபடியே, மாணவர் விசா முடிவதற்குள், நீங்கள் படிப்பை முடித்துவிட்டதைப் பல்கலைக்கழகம் அரசுக்குத் தெரிவித்த பின் விண்ணப்பிக்க வேண்டும். தேர்ச்சி முடிவு வரும் முன் ஊருக்குத் திரும்பியிருந்தால், மீண்டும் பிரிட்டனுக்குச் சென்றே விண்ணப்பிக்க முடியும். பயணச் சீட்டு எடுக்கும்போதே இதைக் கணக்கில் கொள்ளுங்கள்.

10. நேர்காணலும் ஆய்வேடும்: ஜனவரியிலேயே தொடங்குங்கள்

பிரிட்டன் முதுகலையின் 180 மதிப்பலகுகளில் 60 வழக்கமாக ஆய்வேட்டுக்கு உரியவை, நீளம் 12,000 முதல் 15,000 சொற்கள் என்பது பொதுவான அளவு. நினைவாய்வில் பலரும் நேர்காணல் செய்ய விரும்புகிறார்கள். ஆனால் ஆய்வு நெறிக் குழுவின் அனுமதி கைக்கு வரும் முன் எடுத்த நேர்காணல் எதையும் ஆய்வேட்டில் பயன்படுத்த முடியாது. ஊரில் இருந்தபோதே பாட்டியிடம் பதிவு செய்தேன் என்று மகிழ்ச்சியோடு வருபவர்கள் இதைக் கேட்டு உடைந்துபோகிறார்கள். அந்தப் பதிவுகள் உங்கள் புரிதலுக்கு உதவும், மேற்கோளாக வராது. ஊரில் இருக்கும்போது செய்ய வேண்டியது, யார் பேசத் தயாராக இருக்கிறார்கள் என்று அறிந்து உறவை வளர்த்துக்கொள்வது.

அனுமதிக்கு ஆய்வுத் திட்டம், பங்கேற்பாளருக்கான தகவல் தாள், ஒப்புதல் படிவம், தரவுப் பாதுகாப்புத் திட்டம், பயண இடர் மதிப்பீடு ஆகியவை வேண்டும். அரசியல் கருத்து, இன அடையாளம் போன்றவை பிரிட்டன் தரவுச் சட்டத்தில் தனிப் பாதுகாப்புக்கு உரியவை என்பதால் குழு திருத்தம் கேட்டுத் திருப்பி அனுப்புவது இயல்பு. பிப்ரவரியில் கொடுத்தால் ஈஸ்டர் விடுமுறையில் ஊரில் நேர்காணல் செய்யலாம், மே மாதம் கொடுத்தால் கோடை முழுவதும் காத்திருப்பீர்கள். தகவல் தாளையும் ஒப்புதல் படிவத்தையும் நல்ல எளிய தமிழில் நீங்களே எழுதி ஆங்கில வடிவத்தோடு சேர்த்துக் கொடுங்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்களிடம் ஒப்புதலை ஒலிப்பதிவாகப் பெறலாமா என்றும் அந்த விண்ணப்பத்திலேயே கேட்டுவிடுங்கள். ஒரு மணி நேரப் பேச்சை எழுத்தாக்கவே ஒரு முழு நாள் போய்விடும், அதன்பின் ஆங்கிலத்தில் மொழிபெயர்க்க வேண்டும். ஆகவே ஆறு அல்லது எட்டு நேர்காணல்களுக்கு மேல் திட்டமிடாதீர்கள். தமிழ் மூலத்தைப் பின்னிணைப்பில் தரலாமா, அது சொற்கணக்கில் சேருமா என்று வழிகாட்டியிடம் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

போர், சாதி வன்முறை, காவல் வன்முறை ஆகியவற்றைப் பற்றிப் பேசுபவர்களிடம், உங்கள் பெயர் ஒருபோதும் வெளியே வராது என்று வாக்குக் கொடுக்காதீர்கள். வட அயர்லாந்தின் முன்னாள் ஆயுதக் குழுவினரிடம், தங்கள் மரணம்வரை வெளியிடப்படாது என்ற நம்பிக்கையில் பதிவு செய்யப்பட்ட நேர்காணல்கள் அமெரிக்காவின் பாஸ்டன் கல்லூரியில் வைக்கப்பட்டிருந்தன. 2011-இலிருந்து வட அயர்லாந்துக் காவல்துறைக்காக நீதிமன்ற அழைப்பாணைகள் வந்தன, பதிவுகளில் ஒரு பகுதி கையளிக்கப்பட்டது. ஒரு மாணவரின் மடிக்கணினிக்கு அந்தக் கல்லூரிக்கு இருந்த பாதுகாப்புகூட இல்லை. ஈழப் போரில் உறவுகளை இழந்தவர்களிடம் பேசப் போகிறீர்கள் என்றால், பெயரை மட்டுமல்லாமல் ஊர், தொழில், உறவுமுறை ஆகியவற்றையும் மாற்றியே எழுத்தாக்கத்தில் பதியுங்கள். அடையாளம் தரும் திறவுகோல் பட்டியலைப் பதிவுகளோடு ஒரே இடத்தில் வைக்காதீர்கள். தொலைபேசியில் பதிவு செய்ததைப் பல்கலைக்கழகத்தின் பாதுகாப்பான சேமிப்பகத்துக்கு அன்றே மாற்றிவிட்டுத் தொலைபேசியிலிருந்து அழியுங்கள், குறிப்பாக விமான நிலையத்தைக் கடக்கும் முன்.

ஆய்வு முடிந்தபின் ஒலிப்பதிவை அழிப்பதா, காப்பகத்துக்குக் கொடுப்பதா, பேசியவருக்கே ஒரு பிரதி தருவதா என்பதையும் ஒப்புதல் படிவத்தில் தனித்தனி வரிகளாக வையுங்கள். படிவத்தில் இல்லாத ஒன்றைப் பின்னால் செய்யப் பல்கலைக்கழகம் அனுமதிக்காது, மூன்று வரிகளையும் முதலிலேயே சேர்த்திருந்தால் எதைத் தேர்வது என்பதைப் பேசியவரே முடிவு செய்யலாம்.